பெல்ட் மீது வீண்பழி

போட்டி ரோபோ கட்டுபவர்களிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. சக்கரங்களை ஓட்டும் செயின் இரும்பு, பெல்ட் ரப்பர்; எதிரணியோடு முட்டித் தள்ளும்போது ரப்பர் நழுவிவிடும் என்பார்கள். அமெரிக்காவில் 1992இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியிலும் இந்தப் பேச்சு ஓயவில்லை. உராய்வை மட்டுமே நம்பி ஓடும் மாவு மில்லின் தட்டைப் பெல்ட்டுக்குத்தான் இது பொருந்தும். ரோபோவில் ஓடுவது பல் வைத்த டைமிங் பெல்ட். அதில் இழுவிசையைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே ஓடும் கண்ணாடியிழை. எத்தனையோ கார் எஞ்சின்களில் ஒரு பல்கூடப் பிசகாமல் வால்வுகளை இயக்குவது இதே வகைப் பெல்ட்தான்.

அப்படியானால் ரோபோவில் பெல்ட் சில வேளை புல்லியின் பல்லைத் தாவிவிடுவது ஏன்? கணக்குப் போட்டால் குற்றவாளி தெரிந்துவிடும். பம்பரும் பேட்டரியும் சேர்ந்து 68 கிலோ எடையுள்ள ஆறு சக்கர ரோபோவை எடுத்துக்கொள்வோம். கோடிச் சக்கரம் ஒன்றின் மேல் கால் பங்கு எடை விழுவதாகக் கொள்வோம். உராய்வுக் கெழு 1.1 என்றால் அது தரையைச் சுமார் 183 நியூட்டன் விசையுடன்தான் தள்ள முடியும். அதற்கு மேல் போனால் சக்கரமே வழுக்கிவிடும். எவ்வளவு பெரிய மோட்டாரைப் பூட்டினாலும் இந்த உச்சவரம்பு மாறாது. 152 மி.மீ. சக்கரத்தோடு 5 மி.மீ. இடைவெளியில் 24 பற்கள் கொண்ட புல்லியை இணைத்தால் பெல்ட்டில் விழும் இழுவிசை சுமார் 730 நியூட்டன். புல்லியை 42 பற்களாக்கினால் அது சுமார் 420ஆகக் குறைகிறது. பல்லுக்குப் பல் பிடிப்பும் கூடுகிறது. 9 மி.மீ. அகலப் பெல்ட்டை 15 ஆக்கினால் இன்னும் தெம்பு. ஆக, இடம் மிச்சம் பிடிக்கச் சின்னப் புல்லி போட்ட வடிவமைப்பின் பிழைக்குப் பெல்ட் தண்டனை பெறுகிறது.

பெல்ட்டை இழுத்துக்கட்ட வழியில்லையே என்பது அடுத்த வாதம். செயினுக்கு அது தேவைப்படுவதே ஊசியும் புஷ்ஷும் தேய்ந்து அது நீள்வதால்தான். பெல்ட்டின் இழை அப்படி நீள்வதில்லை. 600 மி.மீ. பெல்ட்டுக்கும் இரண்டு 42 பல் புல்லிகளுக்கும் அச்சுகளிடையே 195 மி.மீ. தூரம் வேண்டும்; அந்த அளவில் சட்டத்தில் துளையிட்டு, அதன் தகடு வளையாமல் பார்த்துக்கொண்டால் போதும். பெல்ட்டின் நீளத்திலிருந்து சட்டத்தை வரையத் தொடங்க வேண்டும். சட்டத்தை முடித்துவிட்டுப் பெல்ட் தேடுவது தலைகீழ் வேலை.

அறுந்தால் செயினைப் போல இணைப்புக் கண்ணி போட்டு ஒட்டவைக்க முடியாது என்பது மட்டும் நியாயமான குறை. அதற்கும் வரைபடத்திலேயே வழியுண்டு: அச்சை வெளிப்பக்கம் நீட்டி, சக்கரத்தைக் கழற்றியதுமே பெல்ட் கையோடு வந்துவிடும்படி புல்லியை அமைக்கலாம்.