வயசு 75... கீமோ தாங்குமா? ‘கடைக்குத் தனியா போறாரா?’ன்னு டாக்டர் கேட்பது ஏன்?

இருவருக்கும் வயது 75. ஒரே வகை புற்றுநோய், ஒரே நிலை. ஒருவர் தினமும் டீக்கடைக்குத் தானே நடந்துபோய் பேப்பர் படிச்சுட்டு வருகிறார். இன்னொருவர் கட்டிலில் இருந்து எழவே யாராவது கை கொடுக்கணும். இவர்களுக்கு ஒரே அளவு கீமோதெரபி கொடுக்கலாமா?

வயதை மட்டும் வைத்து இதை முடிவு செய்யக் கூடாது என்பதே இன்றைய மருத்துவத்தின் பதில். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு கீமோ தொடங்கும் முன் அவர்களின் அன்றாடச் செயல்திறனையும் சோதிக்க வேண்டும் என 2018-ல் அமெரிக்க புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் (ஆஸ்கோ) பரிந்துரைத்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும் முதிய நோயாளிகளை இப்படி மதிப்பிடும் தனி கிளினிக் இயங்குகிறது.

என்னென்ன கேட்பாங்க?

* அடிப்படை வேலைகள் 6: குளிப்பது, உடை உடுத்துவது, கழிவறை செல்வது, படுக்கையில் இருந்து எழுவது, சிறுநீர்-மலத்தை அடக்குவது, சாப்பிடுவது. 1963-ல் வெளியான ‘காட்ஸ்’ பட்டியல் இது.
* வெளி உலக வேலைகள் 8: போன் பேசுவது, கடைக்குப் போவது, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, பயணம், மாத்திரையைச் சரியாகப் போடுவது, பணக் கணக்கு. இது 1969-ல் வந்த ‘லாட்டன்’ பட்டியல்.

பொதுவாக முதலில் சறுக்குவது இரண்டாவது பட்டியல்தான். வாழ்நாளில் அடுப்படிப் பக்கமே போகாத தாத்தாவிடம் ‘சமைப்பீங்களா?’ என்று கேட்டுப் பயனில்லை. முன்பு செய்த எந்த வேலையை இப்போது விட்டுட்டார் என்பதே முக்கியம்.

டாக்டர் பார்த்தாலே தெரியாதா?

‘ஈகாக்’ எனும் 0 முதல் 5 வரையிலான அளவுகோல் ஏற்கெனவே இருக்கு. ஆனால் மகள் குளிப்பாட்டி, வேட்டி கட்டிவிட்டு, ஆட்டோவில் அழைத்து வந்தவரும் டாக்டர் முன் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். சில நிமிடச் சந்திப்பில் வீட்டு நிலவரம் தெரியாது. அதனால்தான் சமீபத்தில் கீழே விழுந்தாரா என்று கேட்கிறார்கள். நாற்காலியில் இருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எவ்வளவு நேரமாகிறது என்றும் அளக்கிறார்கள்.

இதனால் என்ன பயன்?

அமெரிக்காவில் 70 வயதைக் கடந்த, குணப்படுத்த முடியாத நிலையில் இருந்த 718 புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2021-ல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. இந்த மதிப்பீட்டின் முடிவும் ஆலோசனைகளும் மருத்துவர் கைக்குப் போன பிரிவில் 51% பேருக்கு கடுமையான பக்கவிளைவு வந்தது. வழக்கமான முறையில் அது 71%. முதல் பிரிவில் பலருக்கு ஆரம்பத்திலேயே மருந்தின் வீரியம் குறைக்கப்பட்டது. அப்படியும் 6 மாத உயிர்வாழ்வில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

மதிப்பெண் குறைஞ்சா சிகிச்சை கிடையாதா?

அப்படி இல்லை. மருந்தின் அளவை மாற்றலாம். பிசியோதெரபி, சத்தான உணவு, குளியலறையில் கைப்பிடி, மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைப்பது எனத் தாங்கும் சக்தியைக் கூட்டவும் வழி உண்டு. மறுபுறம், தன் வேலையைத் தானே பார்க்கும் 80 வயதுக்காரருக்கு ‘வயசாயிடுச்சு, எதுக்கு கீமோ’ என்று சிகிச்சையை மறுப்பதும் தவறு.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யணும்?

‘நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்றுதான் பெரியவர்கள் சொல்வாங்க. கூடப் போகிறவர்களும் அதையே சொன்னால், தாங்க முடியாத மருந்து உடம்பில் ஏறிவிடலாம். கடந்த சில மாதங்களில் அவர் எந்தெந்த வேலையை நிறுத்தினார், எத்தனை முறை விழுந்தார் என்று ஒரு தாளில் எழுதி, முதல் கீமோவுக்கு முன்பே டாக்டரிடம் கொடுங்கள்.