விமானம் போன நடைக்குக் கணக்கு இருக்கிறது! போன உயிருக்குக் கணக்கு எங்கே?

1991 வளைகுடாப் போரின்போது ரியாத்தில் அமெரிக்கக் கூட்டுப் படை அதிகாரிகள் தினமும் பத்திரிகையாளர்களைக் கூட்டினார்கள். ‘இதுவரை இத்தனை ஆயிரம் சார்ட்டி’ என்று கணக்கு வாசித்தார்கள். தொலைக்காட்சிகள் அதை அப்படியே ஒப்பித்தன. அன்று முதல் இன்று வரை எங்கே போர் மூண்டாலும் இந்த ஆங்கிலச் சொல் செய்தியில் வந்து விழுகிறது. பொருள் என்ன என்று கேட்டால் ‘குண்டு வீச்சு’ என்கிறார்கள் பலர். அது தவறு!

இது நமக்கெதற்கு என்று ஓசூர், கிருஷ்ணகிரி வாசகர்கள் கேட்க முடியாது. பெங்களூரில் விமானத் தொழிற்சாலை 1940-லேயே வந்துவிட்டது. எலகங்கா விமானக் கண்காட்சி 1996 முதல் நடந்து வருகிறது. ஓசூரை ஒட்டிய பேளகொண்டப்பள்ளியில் தனியார் விமான ஓடுதளமே இருக்கிறது. 2018 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் ஓசூரும் ஒரு மையம். ஐடிஐயும் டிப்ளமோவும் முடித்த நம் பிள்ளைகள் நாளை இந்தத் துறையில்தான் நிற்கப் போகிறார்கள். அந்தத் துறையின் பேச்சு அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

நடை என்றால் புரியும்!

சார்ட்டி என்பதை நம் லாரிக்காரர்கள் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள்: நடை. ஒரு போர் விமானம் ஒரு வேலைக்காகக் கிளம்பிப் போய்த் திரும்பினால் ஒரு சார்ட்டி. அதே விமானம் ஒரே நாளில் மூன்று முறை போனால் மூன்று. பத்து விமானங்கள் ஒரு முறை போனால் பத்து. அவ்வளவுதான்!

குண்டு போடப் போனதா, வேவு பார்க்கப் போனதா, மற்ற விமானங்களுக்கு நடு வானில் எரிபொருள் கொடுக்கப் போனதா, ஆள் ஏற்றப் போனதா என்பதை இந்தச் சொல் சொல்லாது. 1999-ல் யூகோஸ்லாவியா மீது நேட்டோ 78 நாட்கள் விமானப் போர் நடத்தியது. மொத்தம் சுமார் 38 ஆயிரம் சார்ட்டி. அதில் தாக்குதலுக்கென்று போனவை பத்தாயிரத்துச் சொச்சம்தான்!

வியாபாரிகளே! கிருஷ்ணகிரி மாம்பழம் ஏற்றிக்கொண்டு ஜூஜூவாடி எல்லையைத் தாண்டிப் பத்து நடை போயிருக்கிறது என்று டிரைவர் சொன்னால், அதோடு விட்டுவிடுவீர்களா? எத்தனை டன், யார் இறக்கினார்கள், எவ்வளவு அழுகியது என்று கேட்டுத்தானே பில் போடுவீர்கள்? போர்ச் செய்தியில் மட்டும் நடைக் கணக்கோடு திருப்தி அடைவது ஏன்?

முற்றுகையில் பிறந்த சொல்

‘வெளியே போதல்’ என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது இது. கோட்டையை எதிரி சூழ்ந்துகொண்டால், உள்ளே சிக்கியவர்கள் திடீரென்று கதவைத் திறந்து பாய்ந்து தாக்குவார்களே... அதற்குத்தான் முதலில் இந்தப் பெயர். கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும். 1791 நவம்பரில் ஆங்கிலேயப் படை அங்கே வந்து மோதியது. திப்பு சுல்தானின் வீரர்கள் காத்து நின்ற மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது.

ஆக, அன்று சூழப்பட்டவனின் துணிச்சலுக்கு வைத்த பெயர், இன்று வானத்தில் இருந்து சூழ்பவனின் கணக்குப் புத்தகத்தில் ஏறிவிட்டது!

அமிரியா சொல்லும் உண்மை

வளைகுடாப் போர் 43 நாட்கள் நடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சார்ட்டிகள். சுமார் 88,500 டன் குண்டுகள்.

1991 பிப்ரவரி 13 அதிகாலை. பாக்தாத்தின் அமிரியா பகுதியில் இருந்த பதுங்கு கூடத்தில் பெண்களும் குழந்தைகளும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு குண்டுகள் விழுந்தன. லேசர் கதிர் காட்டிய இடத்தில், குறி தவறாமல் விழுந்தன! 400-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கருகிப் போனார்கள். அது ராணுவக் கட்டளை மையம் என்று நினைத்தோம் என்றது அமெரிக்கா.

இரண்டு குண்டு போட எத்தனை நடை வேண்டும்? ஒன்று. மிஞ்சினால் இரண்டு. லட்சம் சார்ட்டிக் கணக்கில் இந்த ஒன்றிரண்டு எந்த மூலைக்கு? ஆனால் அமிரியாவில் அது குடும்பம் குடும்பமாக அழிந்த நாள்! சார்ட்டிக் கணக்கு பொய்யல்ல சகோதரர்களே. ஆனால் அது விமானியின் பக்கத்துக் கணக்கு மட்டுமே. குண்டுக்குக் கீழே இருந்தவனுக்கு அதில் ஒரு வரி கூட இல்லை.

சொல் மீது பழி இல்லை

அதற்காக இந்தச் சொல்லையே வெறுக்க வேண்டியதில்லை. 2013 ஜூனில் உத்தரகாண்ட் வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்க நம் விமானப்படை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சார்ட்டிகள் பறந்தது. அந்தப் பணியில் ஜூன் 25 அன்று ஒரு ஹெலிகாப்டர் விழுந்து 20 பேர் உயிர் துறந்தார்கள். அதுவும் சார்ட்டிதான். அங்கே ஒவ்வொரு நடையும் யாரோ சிலரை வீடு சேர்த்தது. நடை ஒன்றுதான். எதற்குப் போனது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எனவே இளைஞர்களே! இனி ‘இத்தனை சார்ட்டி’ என்று செய்தி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இதில் குண்டு போடப் போனவை எத்தனை? குண்டு விழுந்த இடத்தில் இருந்தவர்கள் யார்? இறந்தவர்களை எண்ணியது யார்?

நம் பகுதியில் தயாராகும் உதிரி பாகம் நாளை எந்த விமானத்திலும் ஏறலாம். அதைச் செய்யும் கைகளுக்கு இந்தக் கேள்விகளும் தெரிந்திருக்கட்டும். பதில் வராவிட்டால், நம் கையில் இருப்பது பாதிச் செய்தி மட்டுமே. பாதிச் செய்தியை முழுச் செய்தியாக நம்பி நாமும் பரப்பாமல் இருப்போம்!