வெற்றிக் கிண்ணமும் விண்ணப்பப் படிவமும்

பெயர்தான் உதைபந்தாட்டம், அமெரிக்கர் அதனைப் பெரும்பாலும் கையாலேயே ஆடுகின்றனர். 1984 நவம்பர் 23 ஆம் திகதி மியாமியில் ஆட்டம் முடிவடைய ஆறு விநாடிகளே எஞ்சியிருந்த வேளையில், பொஸ்டன் கல்லூரி வீரர் டக் புளூட்டி நெடுந்தூரம் வீசிய பந்தைச் சக வீரர் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பற்றிக்கொண்டார். 47-45 என அக்கல்லூரி வென்றது. நாடே தொலைக்காட்சியில் கண்ட அவ்வெற்றியின் பின்னர், அணி வென்றால் அனுமதி கோரும் விண்ணப்பங்கள் பெருகும் என்ற நம்பிக்கைக்கு 'புளூட்டி விளைவு' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இசட் புள்ளியால் பல்கலைக்கழக அனுமதி தீர்மானிக்கப்படும் எமது நாட்டில் இது விநோதமாகத் தோன்றலாம். ஆனால் அங்கு மாணவரையும் அவர்கள் செலுத்தும் கட்டணத்தையும் நிறுவனங்கள் போட்டியிட்டே பெறவேண்டியுள்ளது.

நம்பிக்கை முற்றிலும் பொய்யன்று. பொஸ்டன் கல்லூரியின் விண்ணப்பங்கள் அக்காலத்தில் இரண்டே ஆண்டுகளில் சுமார் 30 வீதத்தால் அதிகரித்தன. எனினும் வீடுதி வசதி, நிதியுதவி, பழைய மாணவர் வலையமைப்பு ஆகியவற்றில் முன்னரே மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளுக்கும் அதில் பங்குண்டு என்பதை அக்கல்லூரியின் சஞ்சிகையே 2003 இல் எடுத்துக்காட்டியது.

ஹாவார்ட் வணிகக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் 2013 ஆம் ஆண்டு ஆய்வு, சாதாரண அணியொன்று தலைசிறந்த அணியாக உயர்ந்தால் விண்ணப்பங்கள் 18.7 வீதத்தால் கூடும் எனக் கணித்தது. நிர்வாகிகள் விரும்பி மேற்கோள் காட்டுவது இதனைத்தான். கட்டணத்தை 3.8 வீதத்தால் குறைத்தாலோ, 5.1 வீதம் கூடுதலான ஊதியம் பெறத்தக்க தரமான ஆசிரியர்களை நியமித்தாலோ இதே பலன் கிட்டும் என்று அதே ஆய்வு கூறியதை ஏனோ அவர்கள் பேசுவதில்லை. விளையாட்டு வெற்றியால் அதிகம் ஈர்க்கப்படுவோர் குறைந்த பரீட்சைப் புள்ளி பெற்றவர்களே என்பதையும் அது கண்டறிந்தது. ஒரிகன் பல்கலைக்கழகத் தரவுகளை ஆராய்ந்த 2012 ஆம் ஆண்டு ஆய்வோ, அணி வென்ற பருவங்களில் மாணவிகளுடன் ஒப்பிடுகையில் மாணவர்களின் பெறுபேறுகள் சரிந்ததைக் காட்டியது.

ஒருவர் வெல்ல மற்றவர் தோற்றேயாக வேண்டும். தோற்ற கல்லூரிக்கும் மைதானச் செலவும் பயிற்றுநர் சம்பளமும் உண்டு. பல இடங்களில் அதில் ஒரு பகுதி, ஆட்டத்தையே பார்க்காத மாணவரின் கட்டணத்திலிருந்தும் அறவிடப்படுகின்றது.

இச்செலவு தாங்கமுடியாதது எனக் கூறி, பேர்மிங்ஹாமிலுள்ள அலபாமா பல்கலைக்கழகம் 2014 டிசெம்பரில் தனது உதைபந்தாட்ட அணியைக் கலைத்தது. மாணவரும் ஆதரவாளரும் கொதித்தெழுந்தனர், நன்கொடைகள் திரண்டன. ஆறு மாதங்களில் அம்முடிவு கைவிடப்பட்டது. 2017 இல் அணி மீண்டும் களமிறங்கியது.