பிரயாணியின் அறைக்கு எதற்கு வரி?

நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை வாடகையுள்ள ஹோட்டல் அறைகளுக்கான சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததை, மத்தியதர வர்க்கத்துக்குக் கிடைத்த மகத்தான சலுகையென்று பலரும் வாயாரப் புகழ்ந்தார்கள். வைத்தியத்துக்காகவோ, விசா நேர்முகத்துக்காகவோ, மகள் கல்யாணத்துக்கு ஜவுளி எடுப்பதற்காகவோ திருநெல்வேலியிலிருந்தும் பட்டுக்கோட்டையிலிருந்தும் சென்னைக்கு வந்து, இரண்டு இரவு தங்கிவிட்டுத் திரும்புகிற சாதாரணக் குடும்பத்துக்கு இந்தச் சலுகையில் என்ன பங்கு என்று மட்டும் அவர்களில் எவரும் கேட்கவில்லை.

அக்குடும்பம் இப்போது எப்படி அறை தேடுகிறது என்பதைக் கவனித்தால் விஷயம் விளங்கும். ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூவுக்குப் பக்கத்தில், அல்லது வேளச்சேரி ஃபீனிக்ஸ் மாலுக்குப் பக்கத்தில் என்று கைப்பேசியில் தேடி, முதலில் வருகிற நாலைந்து படங்களைப் பார்த்து முன்பணம் கட்டிவிடுகிறார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாலின் பெயரைச் சொன்னால் எந்த ஆட்டோக்காரருக்கும் வழி தெரியும். இரவு பத்து மணிக்கும் வாசலில் வெளிச்சமும் காவலும் உண்டு. வயதுவந்த பெண்பிள்ளைகளோடு வருகிறவர்கள் அச்சமின்றி நடமாடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, சுத்தமான கழிப்பறை காசில்லாமல் கிடைக்கும். ஒரு மாநகரம் தன் வீதிகளில் செய்து தந்திருக்க வேண்டிய இந்தச் சௌகரியங்களை ஒரு தனியார் வியாபார வளாகம் தருகிறதென்றால், ஜனங்கள் அதன் நிழலை நாடுவது இயல்பே.

ஆனால் அந்த நிழலுக்கு அவர்கள் கொடுக்கும் கிரயம் அதிகம். தென்மாவட்டங்களின் இரவு ரயில்கள் பெரும்பாலும் விடிகாலையில் எழும்பூருக்கு வந்து சேர்கின்றன. மால் பக்கத்து ஹோட்டலிலோ, அறை பகல் 12 மணிக்கோ 2 மணிக்கோதான் கொடுப்பார்கள். முன்கூட்டியே வேண்டுமானால் அரை நாள் வாடகை தனி. சென்ற மாதம் அத்தகையதொரு ஹோட்டலின் வரவேற்புக்கூடத்தில், காலை ஆறரை மணிக்கு, டயாலிசிஸ் செய்துகொள்ள வந்திருந்த ஒரு முதியவர் கட்டைப்பையில் சுருட்டி வைத்த மருத்துவ அறிக்கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியிலேயே தலைசாய்த்துக் கிடந்ததை நான் கண்டேன். எழும்பூர் கென்னட் சந்திலே ரயிலடிக்கு எதிரே இருக்கும் பழைய லாட்ஜுகள் பலவற்றில், நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்ற கணக்கு நெடுங்கால வழக்கம். விடிகாலை ஐந்து மணிக்கு வந்தவர் குளித்து, ஒரு காபி சாப்பிட்டு, எட்டு மணிக்கெல்லாம் தம் காரியத்தைப் பார்க்கக் கிளம்பிவிடலாம். பிரயாணியின் தேவையறிந்து ஏற்பட்ட சம்பிரதாயம் அது. காலை பத்து மணிக்கு மேல் திறக்கும் மால்களை அனுசரித்து ஏற்பட்டதன்று.

தூரக் கணக்கும் அப்படியே. மாலிலிருந்து 900 மீட்டர் என்று கைப்பேசி காட்டுவது பல சமயங்களில் நேர்கோட்டு அளவுதான். இடையில் ஒருவழிச் சாலையும், நடைபாதையை அடைத்து நிற்கும் வாகனங்களும், கடக்க முடியாத சந்திப்பும் இருப்பதை அது சொல்வதில்லை. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தெற்கிலிருந்து பேருந்தில் வருகிறவர்கள் ஊருக்கு வெளியே இறங்கி, நகரின் நடுப்பகுதிக்கு வர இன்னொரு பிரயாணம் செய்யவேண்டியிருக்கிறது. ஆகவே ரயில் நிலையமோ மெட்ரோ நிலையமோ நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறதா என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும். மால் எத்தனை தூரம் என்பது கடைசிக் கேள்வி.

இனி வரிக்கு வருவோம். 2017 ஜூலையில் இந்த வரி அமலுக்கு வந்தபோது, 1,000 ரூபாய்க்குக் குறைந்த அறைக்கு வரியே கிடையாது. 7,500 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள அறைக்கு 28 சதவீதம். 2019 அக்டோபரில் அந்த உயர்ந்த அறைக்கான வரி 18 சதவீதமாயிற்று. 2022 ஜூலை 18 முதல், ஏழையின் அறைக்கு இருந்த விலக்கு நீக்கப்பட்டு 12 சதவீதம் விதிக்கப்பட்டது. இப்போது 5 சதவீதம். வாசகர்கள் பொறுமையுடன் என்னோடு சேர்ந்து கணக்கிட வேண்டுகிறேன். 10,000 ரூபாய் அறையில் தங்குகிறவர் 2017-ல் 2,800 ரூபாய் வரி கட்டினார்; இன்று 1,800. அவருக்கு ஆயிரம் ரூபாய் மிச்சம். 7,000 ரூபாய் அறைக்காரர் அன்று 18 சதவீதக் கணக்கில் 1,260 ரூபாய் கட்டினார்; இன்று 350. அவருக்கு 910 ரூபாய் மிச்சம். 900 ரூபாய் அறைக்காரர் அன்று ஒரு காசும் கட்டவில்லை. இடையில் 108 ரூபாய் கட்டினார். இன்று 45 ரூபாய் கட்டுகிறார். பணக்காரருக்கு மிச்சமான வரி, ஏழையின் ஒரு நாள் வாடகையையே விழுங்கி நிற்கிறது! எட்டு ஆண்டுகளில் எல்லோருக்கும் குறைந்த வரி, தாங்க இயலாதவருக்கு மட்டும் புதிதாக முளைத்திருக்கிறது. இதைச் சலுகையென்று சொல்ல நா கூச வேண்டாமா?

ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு உட்பட்ட வரவுள்ள சிறு லாட்ஜுகளுக்கு வரியே இல்லையே என்று வரிவாதிகள் பதில் சொல்வார்கள். பத்தே அறைகள், அறைக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 250 நாட்கள் நிரம்பினாலே 20 லட்சம் ஆகிவிடும். சென்னையில் பத்து அறைகளோடு பிழைக்கிற லாட்ஜ் எத்தனை? லாட்ஜ் அந்த வரம்புக்கு உட்பட்டதாகவே இருந்தாலும், கைப்பேசிச் செயலி வழியாகப் பதிவு செய்தால் அச்செயலியை நடத்தும் நிறுவனம் வரியைக் கட்டியாக வேண்டுமென்பது சட்டம். நேரில் போய்க் கேட்டால் வரியில்லாத அதே அறை, செயலியில் கேட்டால் வரியுள்ளதாகிறது. போதாக்குறைக்கு, இந்த 5 சதவீதத்தில் உள்ளீட்டு வரிவரவு கிடையாது. சலவைக்கும், பராமரிப்புக்கும், கட்டட வாடகைக்கும் லாட்ஜ்காரர் கட்டிய வரி திரும்பாது, வாடகையில்தான் ஏறும். அரசுக்கு வருமானம் வேண்டுமே என்ற வாதத்துக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. பதிலுக்குத் தகுதியுள்ள வாதம் அதுவன்று.

வழிப்போக்கனுக்கு இடம் கொடுப்பது நம் தேசத்தில் ராஜதர்மமாகக் கருதப்பட்டது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாளின் சத்திரம். ஒரத்தநாட்டில், இராமேசுவர யாத்ரிகர்களுக்காக, சரபோஜி மன்னர் முக்தாம்பாள் பெயரால் எழுப்பிய சத்திரம். சென்னை சென்ட்ரலுக்கு அருகே சவலை இராமசாமி முதலியார் கட்டிய சத்திரம். ஒரத்தநாட்டுச் சத்திரத்தில் அன்னமும் வைத்தியமும் கல்வியும் சேர்ந்தே கிடைத்தன. கடையும் தங்குமிடமும் ஒட்டி வளர்வதும் புதிதன்று. மவுண்ட் ரோடு ஸ்பென்சர் நிறுவனம் அந்தக் காலத்திலேயே பக்கத்துக் கன்னிமரா ஹோட்டலையும் தன்வசம் வைத்திருந்தது. ஆனால் அது துரைமார்களுக்கான ஏற்பாடு. ஜனங்களுக்குச் சத்திரம் தனியே இருந்தது. இன்று சத்திரம் போய்விட்டது, ஸ்பென்சர் வழி மட்டும் மிஞ்சி, எல்லோரும் அதன் வழியே போகவேண்டிய நிர்ப்பந்தம் உண்டாகியிருக்கிறது. மால்களின் பக்கத்தில் ஹோட்டல்கள் பெருகப் பெருக ரயிலடி லாட்ஜுகள் அழியும் என்பதிலும், அவை அழிந்தால் சென்னை வெளியூர் ஏழைக்கு மூடிய நகரமாகிவிடும் என்பதிலும் எனக்கு ஐயமே இல்லை.

சரக்கு சேவை வரி மன்றத்தின் அடுத்த கூட்டத்தில், 1,000 ரூபாய்க்கு உட்பட்ட அறைக்கு முன்பிருந்த முழு விலக்கை மீண்டும் தரவேண்டுமென்று தமிழக நிதியமைச்சர் வற்புறுத்த வேண்டும். கிளாம்பாக்கத்திலும், எழும்பூரிலும், பெரிய மெட்ரோ நிலையங்களிலும் மாநில அரசே 24 மணி நேரக் கணக்கில் சுத்தமான, மலிவான தங்குமிடங்களைக் கட்ட வேண்டும். அதுவரை, சென்னைக்கு வரும் அன்பர்களே, ரயிலடிக்கு அருகில் அறை எடுங்கள். செயலியில் பணம் கட்டுமுன் லாட்ஜுக்கே போன் செய்து வாடகையையும், அறை கொடுக்கும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.