படம் பேச்சுக்குப் பகையன்று

நான்கு வயதாகியும் ஒரு வார்த்தை பேசாத பிள்ளையின் கையில் படம் ஒட்டிய அட்டையைக் கொடுத்து, வேண்டியதை இதைக்கொண்டு கேட்கப் பழக்குங்கள் என்று ஆசிரியை சொல்லும்போது, பெற்றோர் நெஞ்சில் முதலில் எழுவது பயந்தான். படத்தைக் காட்டியே காரியம் சாதித்துக்கொள்ளப் பழகிவிட்டால், வரவிருக்கும் பேச்சும் வராமற் போய்விடாதா என்பது அவர்கள் சந்தேகம். அது பாசத்தில் பிறந்த சந்தேகமே ஆயினும், ஆதாரமற்றது என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் 1985ஆம் ஆண்டில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காக ஆண்டி பாண்டியும் லோரி ஃபிராஸ்டும் வகுத்த 'பெக்ஸ்' என்னும் படப் பரிமாற்ற முறையில், ஆரம்பப் பாடத்துக்குப் பெரியவர் இருவர் வேண்டும். பிள்ளைக்குப் பிரியமான முறுக்கை வைத்துக்கொண்டு எதிரே அமர்ந்திருப்பவர், "என்ன வேண்டும்?" என்று கேட்பதில்லை; கேட்டால், யாராவது கேட்கட்டும் என்று காத்திருக்கவே பிள்ளை கற்றுக்கொள்ளும். பின்னால் இருப்பவர் வாய் திறவாமல் கைபிடித்து உதவ, பிள்ளை முறுக்குப் படத்தை எடுத்து எதிரே இருப்பவர் கையில் வைத்த அந்தக் கணமே, "முறுக்கு!" என்ற சொல்லும் முறுக்கும் ஒருங்கே அதற்குக் கிடைக்கின்றன. தானாக ஒருவரை நாடிச் சென்று கேட்பதாகிய இந்தச் சம்பாஷணையின் வித்து ஊன்றிய பிறகே, பல படங்களில் ஒன்றைத் தேர்தல், வாக்கியமாக அடுக்குதல், கண்டதைச் சொல்லுதல் என ஆறு படிகளாக முறை வளர்கிறது. ஆங்கிலப் பிள்ளை 'எனக்கு வேண்டும்' என்னும் அட்டையை முதலில் வைக்க, நம் பிள்ளை 'முறுக்கு' என்று வைத்து 'வேண்டும்' என்று முடிப்பதுதான் நம் பாஷைக்கு இசைந்தது.

பேச்சின் விஷயம் என்ன? படம், சைகை போன்ற துணைச்சாதனங்களைப் பற்றிய பரிசோதனைகளில் நம்பத்தக்கவற்றை மட்டும் பொறுக்கி 2006இல் வெளியான ஓர் ஆய்வில் இடம்பெற்ற 27 பேரில் ஒருவருக்கும் பேச்சுக் குறையவில்லை. நூற்றுக்கு 89 பேர் வீதம், சிறிதளவேனும் கூடியிருந்தது. ஆனால் பிரிட்டனில் ஆசிரியர்களுக்குப் பெக்ஸ் பயிற்சி அளித்து, 84 பிள்ளைகளைக் கொண்டு நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் தாமாகக் கேட்பது பெருகியதே தவிரப் பேச்சுப் பெருகவில்லை. ஆசிரியர்களுக்கு அளித்த பயிற்சி நின்றதும் அந்தப் பலனும் நிலைக்கவில்லை. ஆகவே, படம் பேச்சைக் கொண்டுவந்தே தீரும் என்று வாக்களிப்பவர் சொல்லையும் நம்ப வேண்டியதில்லை. பேச்சைக் கெடுத்துவிடும் என்று அஞ்சவும் வேண்டியதில்லை.

பேச்சு வரட்டும் என்று காத்திருக்கும் வருஷங்களில் பிள்ளைக்குப் பசியும் வலியும் காத்திருப்பதில்லை. கேட்க வழியில்லாதபோது அவை அலறலாகவும், தலையைச் சுவரில் முட்டுவதாகவும் வெளிப்படக்கூடும். ஆதலால் அந்த அட்டைகள் பயிற்சி நிலையத்து அலமாரியில் உறங்காமல், பிள்ளையோடு வீட்டுக்கும் பாட்டி வீட்டுக்கும் போகட்டும். பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம்: படத்தை நீட்டும் பிள்ளையிடம், "வாயால் சொன்னால்தான் தருவேன்" என்று முறுக்கை முதுகுக்குப் பின்னால் மறைக்காதீர்கள். அது கேட்டாகிவிட்டது.