காறல்மான் பாடும் தமிழ்

2018இல் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று தமிழ், மற்றது மலையாளம். இரண்டிலும் வயதான மேடைக் கலைஞர் ஒருவர் உண்டு. இரண்டிலும் அவர் படம் பாதியை எட்டும் முன்பே இறந்துபோகிறார்.

தமிழ்ப் படம் பாலாஜி தரணீதரன் இயக்கிய ‘சீதக்காதி’. நாடகத்தைத் தவிர வேறொன்றும் அறியாத அய்யா ஆதிமூலமாக விஜய் சேதுபதி. சினிமா கூப்பிட்டும் போகாத மனிதர். அரங்கில் நாற்காலிகள் காலியாகிக்கொண்டே வருகின்றன. பேரனின் சிகிச்சைக்குப் பணம் புரளவில்லை. மேடையிலேயே உயிர் போகிறது. அதற்குப் பிறகு அவர் ஆன்மா வேறு நடிகர்களின் உடம்பில் புகுந்து சினிமாவில் நடிக்கத் தொடங்குகிறது. படமும் சினிமாக்காரர்களைக் கிண்டல் செய்வதில் இறங்கிவிடுகிறது. கிண்டல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிழவர் நிதானமாக வேஷம் கட்டி, பாதி காலியான அரங்கில் சுருதி குறையாமல் வசனம் பேசும் அந்த முதல் பகுதியை, பின்னால் வரும் எதுவும் எட்டிப் பிடிக்கவில்லை.

மலையாளப் படம் லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘ஈ.ம.யௌ.’. ‘ஈசோ மரியம் யௌசேப்பே’ என்பதன் சுருக்கம். இயேசு, மரியாள், சூசையப்பர் என்ற மூன்று பெயர்களையும் சாகிறவரின் காதில் சொல்லி வழியனுப்புவது கேரளக் கத்தோலிக்கர் வழக்கம். கதை நடப்பது கொச்சிக் கோட்டைக்குத் தெற்கே, செல்லானம் கடற்கரையில். நாடோடி போல எங்கெங்கோ போய்விட்டு வீடு திரும்பும் வாவச்சன் மேஸ்திரி, மகன் ஈசியோடு உட்கார்ந்து குடிக்கிறார். தன் தகப்பனின் சவ ஊர்வலம் எத்தனை விமரிசையாக நடந்தது என்று நினைவுபடுத்திக்கொள்கிறார். உங்களுக்கு அதைவிடப் பெரிதாகச் செய்கிறேன் என்கிறான் மகன். கிழவர் உற்சாகமாக எழுந்து சவிட்டு நாடக அடவுகளை ஆடிக் காட்டுகிறார். அப்படியே சாய்கிறார். மிச்சப் படம் முழுவதும் மழை, சவப்பெட்டி, சந்தேகப்படும் பாதிரியார், கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாமல் உடையும் மகன்.

விமர்சகர்கள் சாவைப் பற்றி நிறைய எழுதினார்கள். நியாயம்தான், கோவா சர்வதேசத் திரைப்பட விழாவில் அந்த ஆண்டு சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் ஆகிய இரு விருதுகளும் இந்தப் படத்துக்குத்தான். கிழவர் கடைசியாக ஆடிய அந்தச் சில அடிகளைப் பற்றி அதிகம் பேச்சில்லை. தமிழர்களாவது பேசியிருக்க வேண்டும். ஏனென்றால் அது ஒரு தமிழ் நாடகம்.

மட்டாஞ்சேரி என்றதும் நமக்கு நினைவு வருவது மிளகுக் கிடங்குகள், யூதர் தெரு, 1568இல் கட்டிய யூத ஜெப ஆலயம், டச்சு அரண்மனை. (அரண்மனையைக் கட்டியவர்கள் போர்ச்சுக்கீசியர், பழுது பார்த்தவர்கள் டச்சுக்காரர்கள், பெயர் பழுது பார்த்தவர்களுக்குப் போயிற்று.) போர்ச்சுக்கீசியப் பாதிரியார்களின் அதிகாரத்துக்குக் கீழ்ப்படிய மாட்டோம் என்று 1653 ஜனவரியில் சுரியானிக் கிறிஸ்தவர்கள் கூனன் குரிசில் கயிறு கட்டிச் சத்தியம் செய்ததும் இங்கேதான். அதே போர்ச்சுக்கீசியச் செல்வாக்கில் ஞானஸ்நானம் பெற்ற லத்தீன் கத்தோலிக்கர்கள், வடக்கே கோதுருத்து, பள்ளிப்புறம் தொடங்கித் தெற்கே செல்லானத்துக்கு அப்பாலும், கடலும் காயலும் ஒட்டிய ஊர்களில் வளர்த்தெடுத்த அரங்குதான் சவிட்டு நாடகம்.

சவிட்டு என்றால் மிதி. கன்னியாகுமரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். அவர்கள் இன்றும் சவட்டுகிறார்கள். பலகை அடித்த மேடையில் ஓங்கி மிதிப்பதுதான் இந்தக் கலையின் உயிர். செண்டையும் இலைத்தாளமும் இருந்தாலும் மேடையே முதல் வாத்தியம். நடிகன் பாட வேண்டும், மிதிக்க வேண்டும், வாள் வீச வேண்டும், மூன்றையும் ஒரே மூச்சில். உடையில் ஐரோப்பிய அரசர்களின் சாயல்: வெல்வெட்டு, ஜரிகை, மணி, மின்னும் முடி. கதை பிரெஞ்சுப் பேரரசன் சார்லமேனின் படையெடுப்புகள். சார்லமேன் கடற்கரைக்கு வந்து காறல்மான் ஆனான். அவனும் அவன் வீரர்களும் துருக்கியரோடு பல இரவுகள் சண்டை போடுகிறார்கள். பாட்டும் வசனமும் தமிழில்.

‘காறல்மான் சரித’த்தை எழுதியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்பதும், அவர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்பதும் வழிவழியாக வரும் செய்தி. பெயரே சாட்சி சொல்கிறது. கூத்துப் பழக்குகிறவரை அண்ணாவி என்று அழைப்பது நம் வழக்கம்; யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இன்றும் அண்ணாவியார்தான். கொச்சிக் கரையில் அவர் ஆசான் ஆகிவிட்டார். தெருக்கூத்தில் நாம் அறிந்த கட்டியக்காரன் இங்கேயும் இருக்கிறான், சார்லமேனின் தர்பாரில் புகுந்து கோமாளித்தனம் செய்துகொண்டு. பிராபாந்து நாட்டு ஜெனோவாவின் கதையும் சவிட்டு நாடகமாக ஆடப்பட்டது. 1953இல் அது எம்.ஜி.ஆர். நடிக்க இரண்டு மொழிகளிலும் படமானது. அந்தக் கதைக்குக் கடற்கரையில் ஏற்கெனவே ரசிகர்கள் இருந்தார்கள் என்பதை நாம் மறந்துவிட்டோம்.

இந்தக் கலைக்கு முதலில் முறையான வரலாறு எழுதியவர் கோதுருத்துக்காரரான சபீனா ராஃபி. மேல்தட்டினர் மீனவர் கூத்து என்று ஒதுக்கியிருந்ததை ஒரு பெண்மணி ஊர் ஊராகத் திரட்டி 1964இல் புத்தகமாக்கினார். அது மலையாளப் புத்தகம். பாடல்கள் தமிழ். இந்த இடத்தில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

நாடகத்தின் முழுப் பிரதி ஆசானின் சுவடி. ஏடு நோட்டுப் புத்தகமாயிற்று. தமிழ் எழுத்து மலையாள எழுத்தாயிற்று. ஒரு ஆசானிடமிருந்து அடுத்தவர் பார்த்து எழுதும்போது, பொருள் தெரியாத சொல் காதுக்குப் பட்டபடி மாறியது. பாடுகிறவருக்குச் சந்தம் தெரியும், எந்த இடத்தில் மிதி விழ வேண்டும் என்று தெரியும். சில வரிகளில் என்ன சொல்கிறோம் என்பது தெரியாது. கேட்கிறவர்களுக்கு அதுவும் தெரியாது. வெளியே இருந்து பார்த்தால் இது சிரிப்பாகத் தோன்றலாம். பொருள் விளங்காத மொழியைத் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்து காப்பாற்றியிருக்கிறார்கள் மீன்பிடிக்கிறவர்களும் படகுக்காரர்களும் தச்சர்களும். தமிழுக்கு இப்படிப்பட்ட காவல்காரர்கள் வேறு எங்கே இருக்கிறார்கள்?

இப்போது வயதுக்கு வருவோம். பேச்சு நாடகத்தில் முதுமை ஒரு முதலீடு. ஆர்.எஸ். மனோகர் எத்தனையோ வருடங்கள் இலங்கேஸ்வரனாக நின்றார். குரல் கனத்தால் அரசனும் கனத்தான். ‘சீதக்காதி’யின் ஆதிமூலம் நடை தளர்ந்த பிறகும் மேடையை ஆளலாம், வசனம் இருக்கிறது. சவிட்டு நாடகக்காரனுக்கு அந்தச் சலுகை இல்லை. முழங்கால் போனால் காறல்மான் போனான். பலகையின் மேல் இருபது முப்பது வருடம் ஓங்கி மிதித்தவனின் முட்டி, ஒருநாள் கணக்குத் தீர்த்துக்கொள்கிறது. அப்புறம் அவன் ஓரமாக நின்று சுவடியைப் பார்த்துப் பாட்டெடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். வாவச்சன் மேஸ்திரி குடித்துவிட்டு எழுந்து ஆடும் அந்தச் சில அடிகள், அந்த உடம்பு ஓரத்திலிருந்து நடுமேடைக்கு வரச் செய்த கடைசி முயற்சி.

அந்த வேடத்தில் நடித்த கைநகரி தங்கராஜ் தாமே நாடக மேடையில் காலம் கழித்தவர்; 2022இல் காலமானார். மனைவி பென்னம்மாவாக வந்து, துக்கம் கேட்க ஆள் வரும்போதெல்லாம் புதிதாக ஒரு பாட்டம் ஒப்பாரியைத் தொடங்கும் பௌளி வல்சனும் நாடகத்திலிருந்து வந்தவர், வைப்பின் தீவுக்காரர். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி அழத் தெரிந்த தொண்டை அது. கேரள அரசின் 2017ஆம் ஆண்டுக்கான சிறந்த குணச்சித்திர நடிகை விருது அவருக்குப் போனது. மேடைக் கலைஞனின் சாவைப் பற்றிய படத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் மேடைக் கலைஞர்கள் என்பதை இயக்குநர் யோசித்தே செய்திருப்பார் என்று நினைக்கிறேன்.

திரைக்கதை பி.எஃப். மேத்யூஸ், கொச்சி எழுத்தாளர். இவர் ஹரிகிருஷ்ணனோடு சேர்ந்து எழுதி ஷாஜி என். கருண் இயக்கிய ‘குட்டி ஸ்ராங்க்’ 2010இல் திரைக்கு வந்தது; 2009ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றது. படகோட்டியாக வரும் மம்மூட்டி அதில் சவிட்டு நாடக அரசனாகவும் வேஷம் கட்டுகிறார். அழகான படம். கொஞ்சம் அளவுக்கு மீறிய அழகு. முடியும் அங்கியும் கண்ணில் நிற்கிற அளவுக்குப் பாட்டு காதில் நிற்கவில்லை. இதே ஷாஜி, கதகளி நடிகனைப் பற்றி 1999இல் எடுத்த ‘வானப்ரஸ்தம்’ கான் விழாவரை போய்க் கதகளிக்கு மரியாதை சேர்த்தது. கதகளிக்கு அது தேவைப்படவும் இல்லை. கொச்சிக் கோட்டையில் சுற்றுலாப் பயணிகளுக்காகச் சாயங்காலக் காட்சிகள் நடக்கின்றன. முதலில் முகத்துக்குச் சாயம் பூசுவதைப் பார்க்கலாம், பிறகு இராமுழுதும் ஆட வேண்டியதைச் சுருக்கமாகப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

சுருக்குவது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். இலங்கையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், விடிய விடிய நடக்கும் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து, பல்கலைக்கழக மாணவர்களை வைத்து நகர மேடைக்கேற்பச் சுருக்கினார். 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’. கூத்து அழியவில்லை. படித்தவர்கள் மத்தியில் புது ஆயுள்தான் பெற்றது. ஆனால் அங்கே வெட்டியவர்களுக்கும் ஆடியவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் ஒவ்வொரு சொல்லும் தெரியும். எது எலும்பு, எது சதை என்று பார்த்து வெட்டினார்கள்.

கொச்சியில் கத்தி இப்போது வேறு கைகளில் இருக்கிறது. கேரளத்துப் பள்ளிக்கூடக் கலோத்சவத்தில் சவிட்டு நாடகம் போட்டிப் பிரிவாகச் சேர்க்கப்பட்டது. 2013 ஜனவரியில் மலப்புறத்தில் நடந்த விழாவில் அரங்கேறியது. அன்றிலிருந்து இந்தக் கலைக்குச் சுக்கிர தசை. கடற்கரையைப் பார்த்தறியாத ஊர்ப் பிள்ளைகள், எல்லா மதத்தாரும், காறல்மானாக மிதிக்கிறார்கள். பெண் வேஷத்தையும் ஆணே கட்டிய மேடையில் பெண் பிள்ளைகள் வாள் சுழற்றுகிறார்கள். பயிற்சி கொடுக்கப் போகும் ஆசான்களுக்கு வருமானம் கிடைக்கிறது. பலபேருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஆட்டத்தால் அடுப்பெரிகிறது. குறை சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

சொல்லத்தான் வேண்டும். பல இரவுகளுக்கான நாடகத்தைச் சில நிமிடங்களுக்குள் அடக்கும்போது எது தங்கும்? மதிப்பெண் கிடைப்பதுதான் தங்கும். மிதி தங்கும், வாள் சண்டை தங்கும், பளபளப்பு கூடும். நின்று பாடும் நீண்ட விருத்தங்களும் புலம்பல்களும் முதலில் வெளியேறும். அவை என்ன சொல்கின்றன என்று தெரியாதபோது வெட்டுவது சுலபம், வலிக்காது. மலையாளத்திலேயே எழுதிய புது நாடகங்களும் வந்துவிட்டன. பார்க்கிறவனுக்குப் புரிய வேண்டும் என்பதில் தவறென்ன? நாளைக்குச் சவிட்டு நாடகம் இருக்கும், இன்றைக்கு இருப்பதைவிட ஜோராகவே இருக்கும். அதற்குள் இருந்த தமிழ் மட்டும் இருக்காது.

அதைக் காப்பாற்றும் பொறுப்பை ஆசான்கள் தலையில் கட்டுவது அநியாயம். அவர்கள் செய்ய வேண்டியதைவிட அதிகமாகவே செய்துவிட்டார்கள். இது தமிழ் படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. ஒரு முதிய ஆசானை உட்கார வைத்து, முழு நாடகத்தையும் மேடை இல்லாமல் வெறும் பாட்டாகப் பாடச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். பிறகு மலையாள எழுத்தில் இருக்கும் சுவடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாறிப்போன சொல் எந்தத் தமிழ்ச் சொல்லாக இருந்திருக்கும் என்று வரிக்கு வரி அவரோடு பேசித் தமிழ் எழுத்தில் எழுத வேண்டும். விருத்தம் தெரிந்த ஒருவரும், மலையாள எழுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவரும், பொறுமையும் போதும். இதற்கு ஆசானின் முட்டி நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. மூச்சு இருந்தால் சரி.

போகிறவர்கள் மார்ச்சுக்கு மேல் போவது நல்லது. டிசம்பர், ஜனவரியில் போனால் ஆசான்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். ஏதாவதொரு பள்ளிக்கூடத்து மைதானத்தில், பிள்ளைகளுக்குக் காலெடுத்து வைக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.