ஒரே பெரிய பியூஸ் போதுமா?

வீட்டின் கூடத்தில் ஒரு விளக்கின் ஒயரில் கோளாறு ஏற்பட்டு, பியூஸ் போய்விடுகிறது. ஆனால் சமையலறை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. காரணம் உங்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி பியூஸ் உண்டு. அப்போது ஒருவர், "எதற்கு இத்தனை பியூஸ்? எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மெயினில் ஒரே பெரிய பியூஸ் போட்டால் போதும்; அடிக்கடி போகாது" என்று யோசனை சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? மாட்டீர்கள்.

ஆனால் கணிப்பொறிக்கு மின்வழங்கி வாங்கும்போது நம்மில் பலர் இந்த யோசனையை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டு விடுகிறோம்! கடைக்காரர்கள் 'எஸ்.எம்.பி.எஸ்.' என்று சொல்லும் பெட்டிதான் மின்வழங்கி. இதில் 'ஒற்றை ரெயில்', 'பல ரெயில்' என்று இரு வகை உண்டு. ஒற்றை ரெயில்தான் சிறந்தது என்பது பரவலான எண்ணம். அந்த எண்ணம் முழுவதும் சரியல்ல என்பது என் கருத்து.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

மின்வழங்கி 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்னோட்டமாக மாற்றித் தருகிறது. பிராசசரும் கிராபிக்ஸ் அட்டையும் பெரும்பாலும் 12 வோல்ட்டில் இருந்தே தம் தேவையைப் பெறுகின்றன. பல ஒயர்களுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொதுத் தடத்தையே 'ரெயில்' என்கிறோம்.

பல ரெயில் என்றால் உள்ளே பல மின்வழங்கிகள் இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலானவற்றில் 12 வோல்ட்டுக்கு ஒரே மூலம்தான் உண்டு. அதிலிருந்து கிளம்பும் ஒயர்களைச் சில குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மின்னோட்டக் காவலை வைத்திருப்பார்கள். ஒரு குழுவில் வரம்பை மீறி மின்னோட்டம் பாய்ந்தால் மின்வழங்கி நின்றுவிடும். ஒற்றை ரெயிலில் எல்லா ஒயர்களுக்கும் சேர்த்து ஒரே காவல்தான்.

2003இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். 12வி வழிகாட்டியின் 2.0 பதிப்பில், ஒரு ரெயிலுக்கு 240 வோல்ட்-ஆம்பியர் என்ற வரம்பு இருந்தது. 12 வோல்ட்டில் அது 20 ஆம்பியர். 2007இல் வந்த 2.3 பதிப்பு இந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. அதன்பின் எத்தனை பெரிய மின்வழங்கியையும் ஒற்றை ரெயிலாகச் செய்யத் தடையில்லாமல் போயிற்று.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

1000 வாட் ஒற்றை ரெயில் மின்வழங்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 83 ஆம்பியர் தரவேண்டும். ஆகவே அதன் காவல் அதற்கும் மேலே, 100 ஆம்பியரில் அமைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது உறை தேய்ந்த ஒயர் ஒன்று இரும்புச் சட்டத்தில் அரைகுறையாக உரசுகிறது. முழுக் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் இரு வகை மின்வழங்கிகளுமே உடனே நின்றுவிடும். அதில் வேறுபாடு இல்லை. ஆபத்து அரைகுறைக் குறுக்குச்சுற்றில்தான் இருக்கிறது. அந்தப் பாதையின் மின்தடை 0.2 ஓம் என்றால், ஓம் விதிப்படி 60 ஆம்பியர் பாயும். மின்திறன் 720 வாட்! ஆனால் 100 ஆம்பியர் காவலுக்கு இது சாதாரண வேலையாகத் தோன்றும். கிராபிக்ஸ் அட்டை கேட்கிறது போலும் என்று அது கொடுத்துக்கொண்டே இருக்கும்.

அந்த ஒயரின் கதி என்ன? சுமார் 0.8 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் 60 செ.மீ. நீளமும் உள்ள செப்பு ஒயரின் மின்தடை ஏறக்குறைய 0.0125 ஓம். வழக்கமான 4 ஆம்பியர் பாயும்போது அதில் 0.2 வாட் வெப்பமே உண்டாகும். 60 ஆம்பியர் பாய்ந்தால் 45 வாட்! மின்னோட்டம் 15 மடங்கானால் வெப்பம் 225 மடங்காகிறது. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற ஜூல் விதியைத்தான் இங்கே காண்கிறோம். ஒயரின் பிளாஸ்டிக் உறை உருகத் தொடங்கிவிடும். மீதி 675 வாட் அந்த உரசும் இடத்தைச் சுட்டெரிக்கும்.

இதே கோளாறு 30 ஆம்பியர் வரம்புள்ள பல ரெயில் மின்வழங்கியில் நேர்ந்தால், 60 ஆம்பியரைக் கண்டதும் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

மறுபக்க நியாயம்

ஒற்றை ரெயிலை விரும்புகிறவர்களுக்கும் நியாயம் உண்டு. 300 வாட் கேட்கும் கிராபிக்ஸ் அட்டைக்கு 25 ஆம்பியர் வேண்டும். அதன் இரு இணைப்புகளையும் 20 ஆம்பியர் வரம்புள்ள ஒரே ரெயிலில் செருகினால், மொத்தத்தில் மின்சாரம் மிச்சமிருந்தும் கணிப்பொறி அணைந்துவிடும். இந்தத் தொல்லையால்தான் பல ரெயிலுக்குக் கெட்ட பெயர் வந்தது. ஆனால் இணைப்புகளை இரு ரெயில்களில் பிரித்துக் கொடுத்தால் தொல்லை தீர்ந்தது. 30, 40 ஆம்பியர் என்று வரம்பை உயர்த்தி அமைத்த மின்வழங்கிகளும் உண்டு.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. பல ரெயில் எல்லா விபத்தையும் தடுத்துவிடாது. 30 ஆம்பியருக்குக் கீழே நிற்கும் கோளாறு அதன் கண்ணுக்கும் தப்பிவிடும். 2022இல் புதுவகை 600 வாட் இணைப்பிகள் சில உருகிப்போன செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. இத்தகைய இணைப்பியில் 50 ஆம்பியரை ஆறு ஊசிகள் பகிர்ந்துகொள்கின்றன. ஓர் ஊசிக்கு 8.3 ஆம்பியர். அந்த ஊசி சரியாகப் பொருந்தாமல் தொடுமிடத்தில் 0.05 ஓம் தடை இருந்தாலே, கடுகளவு இடத்தில் 3.5 வாட் வெப்பம் தோன்றும். மொத்த மின்னோட்டம் வரம்புக்குள்தான் இருப்பதால் எந்தக் காவலும் விழித்துக்கொள்ளாது. இணைப்பியை முழுவதுமாக அழுத்திச் செருகுவதே முதல் காப்பு.

எதைத் தேர்ந்தெடுப்பது?

சுமார் 500 வாட் வரையுள்ள மின்வழங்கிக்கு இந்த விவாதம் பெரிதாகத் தேவையில்லை. அதன் ஒற்றைக் காவலே 50 ஆம்பியரை ஒட்டித்தான் இருக்கும். மின்னோட்டக் காப்பும் குறுக்குச்சுற்றுக் காப்பும் உண்மையில் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். 800, 1000 வாட் என்று ஏற ஏற, நான் பல ரெயிலையே தேர்ந்தெடுப்பேன். சில மின்வழங்கிகளில் இரு முறைகளுக்கும் இடையே மாற்றிக்கொள்ளும் விசை உண்டு. தகுந்த காரணமில்லாமல் அதை ஒற்றைக்கு மாற்றவேண்டாம்.

பெட்டியின் மேலுள்ள அட்டையைப் படிக்கும்போதும் கவனம் வேண்டும். நான்கு ரெயில்கள், ஒவ்வொன்றும் 20 ஆம்பியர் என்றிருந்தால் 80 ஆம்பியர், அதாவது 960 வாட் கிடைக்கும் என்று கூட்டிவிடாதீர்கள். அவை காவல் வரம்புகள் மட்டுமே. மொத்தம் எவ்வளவு என்பது தனியே அச்சிட்டிருக்கும். அது 600 வாட்டாகவும் இருக்கலாம்.

பியூஸ் கம்பியைத் தேர்ந்தெடுக்கும்போது மின்சாரம் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பதில்லை. அந்தக் கிளையின் ஒயர் எவ்வளவு தாங்கும் என்றே பார்க்கிறோம். உங்கள் வீட்டில் கணிப்பொறி வாங்கும்போது "எத்தனை வாட்?" என்று எல்லாரும் கேட்பார்கள். "ஒரு ஒயரில் எவ்வளவு பாய்ந்தால் இது நின்றுவிடும்?" என்ற கேள்வியை நீங்கள் கேளுங்கள்.